ஹோட்டல்களில் நிறம் எப்படி வேலை செய்கிறது?

"இந்த வருஷம் பழுப்புதான் ட்ரெண்ட்." "சிவப்பு அடித்தால் பசி எடுக்கும்." "நீலம் அடித்தால் நல்ல தூக்கம் வரும்." "சின்ன அறைக்கு வெள்ளைதான் சரி." ஹோட்டல், ரெஸ்டாரன்ட், கஃபே என்று விருந்தினர் வந்து போகும் இடங்களின் உள் அலங்காரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், இந்த நான்கில் ஒன்றாவது வந்துவிடும். சொல்பவர் உரிமையாளராக இருக்கலாம், பெயின்ட் விற்பவராக இருக்கலாம், சில சமயம் டிசைனராகவே இருக்கலாம்.

நான்கிலும் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நான்குமே நிறத்துக்கு ஒரு நிலையான குணம் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. டப்பாவைத் திறந்து சுவரில் பூசினால் அந்தக் குணம் அறைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை. நடப்பது அப்படி இல்லை. எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். இயற்பியலோ ஓவியமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## ஒரே துணி, இரண்டு நிறம்

துணிக்கடையில் ஒரு துணி பிடித்துவிட்டால், அதைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கிறவர்கள் உண்டு. உள்ளே அரக்குச் சிவப்பாக இருந்தது வெளியே கொஞ்சம் பழுப்பாகத் தெரியும். சாயம் மாறவில்லை. அதன்மேல் விழுந்த வெளிச்சம்தான் மாறியது.

நாம் நிறம் என்று பார்ப்பது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. வெளிச்சம் ஒன்று, மேற்பரப்பு ஒன்று, கண்ணும் மூளையும் சேர்ந்து ஒன்று. வெளிச்சத்தில் பல அலைநீளங்கள் கலந்து வருகின்றன. மேற்பரப்பு அவற்றில் சிலவற்றை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வந்ததைக் கண் வாங்கிக்கொள்ள, மூளை அதைச் சுற்றியிருப்பவற்றோடு ஒப்பிட்டு "இது இன்ன நிறம்" என்று முடிவு செய்கிறது. விளக்கில் இல்லாத அலைநீளத்தை எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டாலும் திருப்பி அனுப்ப முடியாது.

வீட்டைவிட ஹோட்டலில் இது பெரிய தலைவலி. திரைச்சீலை ஒரு ஆலையிலிருந்து வருகிறது, சோஃபா துணி வேறொன்றிலிருந்து, கார்பெட் இன்னொன்றிலிருந்து, சுவருக்கு பெயின்ட். ஒவ்வொன்றிலும் சாயம் வேறு. ஷோரூம் வெளிச்சத்தில் நான்கும் அச்சாகப் பொருந்தும். அறையில் மாலை விளக்கைப் போட்டதும் திரைச்சீலை மட்டும் பச்சையாகத் தனித்து நிற்கும். இப்படி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பொருள்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பல ஹோட்டல்களில் "ஏதோ பொருந்தவில்லையே" என்று தோன்றுவதற்கு டிசைனரின் ரசனை காரணமாக இருக்காது, இதுதான் காரணமாக இருக்கும்.

## விளக்கைப் பற்றி இரண்டு எண்கள்

பல்ப் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் இரண்டு நமக்குத் தேவை.

முதலாவது நிற வெப்பநிலை. வெள்ளை வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கம் சாய்கிறதா என்பதைச் சொல்லும் அளவு இது. அலகு கெல்வின். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1900 கெல்வின், பழைய குண்டு பல்ப் 2700, நடுப்பகல் வெளிச்சம் 5500 முதல் 6500 வரை. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான்: எண் குறையக் குறைய வெளிச்சம் "வார்ம்" ஆகிறது, கூடக் கூட "கூல்" ஆகிறது. ஹோட்டல் அறைகளிலும் ரெஸ்டாரன்ட்களிலும் பெரும்பாலும் 2700 முதல் 3000 வரை வைக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் மரம், தோல், மண் நிறங்கள் செழிப்பாகத் தெரியும். நீலச் சாயல் கொண்ட சாம்பல் அழுக்கேறியது போலத் தெரியும்.

இரண்டாவது எண் சிஆர்ஐ. ஒரு விளக்கின் கீழ் பொருள்களின் நிறம் எந்த அளவுக்கு உள்ளபடியே தெரிகிறது என்பதற்கான மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளலாம், உச்சம் 100. சாதாரண எல்இடி 80 சொச்சத்தில் நிற்கும். விருந்தினர் சாப்பிடும் இடத்துக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் 90க்கு மேல் கேட்பது நல்லது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் அச்சாகும் பொதுவான சிஆர்ஐ மதிப்பெண் எட்டு மென்மையான நிற மாதிரிகளை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே சேராது. ஆனால் மனிதத் தோல், இறைச்சி, தக்காளி, தேக்கு மரம் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது சிவப்புதான். அதற்கென ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. விளக்கு வாங்கும்போது அதைக் கேட்டால் விற்பவர் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

ஒரே கூரையின் கீழ் 2700ம் 4000மும் கலந்திருக்கும் லாபிகள் ஏராளம். பழைய பல்ப் போனதும் கையில் கிடைத்ததைப் பொருத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்ததையெல்லாம் பராமரிப்புப் பிரிவில் ஒருவர் ஏணியில் ஏறிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவது இப்படித்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த எண் வேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

## சுவரும் ஒரு விளக்குதான்

விளக்கிலிருந்து கிளம்பிய வெளிச்சம் நேராக நம் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. சுவரில் பட்டு, கூரையில் பட்டு, தரையில் பட்டுச் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் அந்தப் பரப்பின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது.

ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவுதான் எல்ஆர்வி, அதாவது ஒளி எதிரொளிப்பு மதிப்பு. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. எல்ஆர்வி 10 உள்ள அடர்பச்சைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடும். அடர் நிறங்களுக்கு மாறும் ஹோட்டல்கள் விளக்குத் திட்டத்தையும் கூடவே மாற்றாமல் விட்டால் அறை இருண்டுபோவது இதனால்தான். பெயின்டைத் திட்டிப் பயனில்லை.

ஷேட் கார்டில் பார்த்ததைவிடச் சுவரில் நிறம் தூக்கலாக இருக்கிறதே என்ற புகாருக்கும் விடை இங்கேயே இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நிறத்தில் இருந்தால், ஒன்றில் பட்டு நிறமேறிய வெளிச்சம் மற்றதில் விழுகிறது. அங்கே இன்னும் ஏறித் திரும்புகிறது. அதோடு, பரப்பு பெரிதாகப் பெரிதாக அதே நிறம் இன்னும் பளிச்சென்று தெரிவதும் கண்ணின் இயல்பு. அதனால் கார்டில் பிடித்த ஷேடைவிட ஒரு படி மங்கலானதை எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

இதே கணக்கு முகத்துக்கும் பொருந்தும். இளஞ்சிவப்பு அல்லது பீச் நிறச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கன்னத்தில் அந்தச் சாயல் படிகிறது, முகம் களையாகத் தெரிகிறது. பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் அதே முகம் காய்ச்சலில் எழுந்து வந்தது போல இருக்கும். லண்டனின் ஸ்கெட்ச் ரெஸ்டாரன்டில் இந்தியா மஹ்தவி என்ற டிசைனர் 2014இல் ஓர் உணவுக்கூடத்தைச் சுவர் முதல் நாற்காலி வரை இளஞ்சிவப்பாக்கினார். உலகம் முழுக்க அந்த அறையின் படங்கள் சுற்றின. நிறம் வித்தியாசமாக இருந்தது ஒரு காரணம். அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, "சின்ன அறைக்கு வெள்ளை" என்ன ஆயிற்று? சன்னலும் வெளிச்சமும் தாராளமாக இருந்தால் வெள்ளைச் சுவர் அதைப் பரப்பி அறையைப் பெரிதாகக் காட்டும், உண்மைதான். சன்னலே இல்லாத ஒரு சின்னக் கழிப்பறையில் பரப்புவதற்கு வெளிச்சமே இல்லை. அங்கே வெள்ளை வெறும் மங்கிய சாம்பலாக நிற்கும், நான்கு மூலைகளும் தெளிவாகத் தெரிந்து அறை எவ்வளவு சின்னது என்று எடுத்துச் சொல்லும். சுவர், கூரை எல்லாவற்றையும் ஒரே அடர்நிறத்தில் பூசினால் மூலைகள் கரைந்து எல்லை எங்கே என்று பிடிபடாது. பெரிதாகத் தோன்றுகிறதோ இல்லையோ, அடைசலாகத் தோன்றாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். டப்பாவில் இருப்பது சாயம் மட்டும். அதை நிறமாக்குவது விளக்கு, விளக்கின் கெல்வினும் சிஆர்ஐயும், எதிரே இருக்கும் சுவர், அறையின் அளவு. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் நிறம் மாறும்.

## பக்கத்து நிறம் செய்யும் வேலை

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரலை 1824இல் பாரிஸின் கோப்லின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டார்கள். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, போதிய ஆழமில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையில்லை. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. எந்த நிறமும் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிரான திசையில் தள்ளிவிடும் என்று அவர் கண்டுகொண்டதை 1839இல் விரிவாக வெளியிட்டார். இதை உடனிகழ் வேறுபாடு என்கிறார்கள்.

ஹோட்டலில் இது நாள்தோறும் நடக்கிறது. நடுநிலையான சாம்பல் சோஃபாவைப் பச்சைச் சுவர் முன் வைத்தால் லேசான இளஞ்சிவப்புச் சாயல் தெரியும். ஆரஞ்சுச் சுவர் முன் வைத்தால் நீலம் தட்டும். சாம்பல் போன்ற "எதனோடும் ஒத்துப்போகும்" நிறங்கள்தான் இந்தத் தள்ளலுக்கு அதிகம் ஆட்படுகின்றன. எதனோடும் ஒத்துப்போகும் என்று நம்பி வாங்கியதே எதனோடும் ஒட்டாமல் நிற்பது பாவம்தான்.

கண் பழகிக்கொள்வதும் கணக்கில் வர வேண்டும். வெயிலிலிருந்து மங்கலான லாபிக்குள் நுழைபவருக்கு முதலில் எதுவுமே சரியாகத் தெரியாது. கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இருட்டுக்குப் பழகவே சுமார் பத்து நிமிடம் ஆகும். நல்ல ஹோட்டல்கள் வாசலுக்கும் லாபிக்கும் நடுவில் ஓர் இடைவெளி வைத்து வெளிச்சத்தைப் படிப்படியாக இறக்குகின்றன. அப்படி இல்லாத இடத்தில் லாபியின் அடர்நீலம் வருபவர் கண்ணுக்கு வெறும் இருட்டு.

## சிவப்பும் பசியும், நீலமும் தூக்கமும்

இப்போது அந்தப் பிரபலமான பேச்சுகளுக்கு வருவோம்.

நிறம் மனத்தைத் தொடவே தொடாது என்று யாரும் சொல்லவில்லை. இன்ன நிறத்துக்கு இன்ன விளைவு என்று மருந்துச் சீட்டு எழுதுவதுதான் தவறு. இதற்கு நல்ல பாடம் பேக்கர்-மில்லர் பிங்க். 1979இல் அமெரிக்காவின் சியாட்டலில் இருந்த கடற்படைத் தடுப்புக்கூடம் ஒன்றில், அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி ஓர் அறையை ஒரு குறிப்பிட்ட இளஞ்சிவப்பில் பூசினார்கள். கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்று செய்தி பரவி, பல சிறைகள் அதையே பூசின. கட்டுப்பாடுகளுடன் பின்னர் செய்த ஆய்வுகளில் அந்த விளைவு நம்பும்படி வெளிப்படவில்லை. ஆனால் "பிங்க் சாந்தப்படுத்தும்" என்ற வாக்கியம் மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிறத்துக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் முன்வைத்த பகுப்பு இது. சிவப்பா, பச்சையா, நீலமா என்பது வகை. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது வெளிர்மை. எவ்வளவு தூய்மையாக, பளிச்சென்று இருக்கிறது என்பது செறிவு. நாம் பேசுவதெல்லாம் வகையைப் பற்றியே. ஆனால் மனக்கிளர்ச்சியைப் பற்றிய ஆய்வுகளில் வெளிர்மையும் செறிவும் வகையைவிடப் பெரிய பங்கு வகிப்பதைக் காணலாம். பளிச்சென்ற நீலம் உலுக்கும். மங்கிய செங்கல் சிவப்பு அமைதியாக இருக்கும். "சிவப்பு அடித்தேன், பசி வரவில்லை" என்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தச் சிவப்பு?

தூக்கத்தைப் பற்றிய குழப்பம் வேறு விதம். இரவில் கண்ணில் விழும் நீலம் மிகுந்த வெளிச்சம் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. இது உறுதியான உயிரியல். அதைக் கேட்ட சிலர் நீலச் சுவரையே சந்தேகப்படுகிறார்கள், வேறு சிலர் நீலம் என்றாலே தூக்கம் என்கிறார்கள். தூக்கத்தைக் கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் விளக்குதான். தலைமாட்டு விளக்கு 2700 கெல்வினில், மங்கலாக்கும் டிம்மருடன் இருந்தால் சுவர் எந்த நிறமானாலும் பரவாயில்லை. ஏசியில் விடிய விடிய மினுக்கும் நீலப் புள்ளியை மறைக்காமல் சுவருக்கு நிறம் தேடுவது வீண் வேலை.

## வெள்ளைப் படுக்கை ஏன் வென்றது

நிறம் உண்மையிலேயே எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹோட்டல் படுக்கை.

ஒரு காலத்தில் ஹோட்டல் கட்டிலின் மேல் கனமான, பூப்போட்ட அடர்நிற விரிப்பு இருக்கும். கறை தெரியாது என்பதற்காகவே அந்த வடிவம். கறை தெரியாது என்பது விருந்தினருக்கும் தெரியும், சங்கடமே அதுதான். அந்த விரிப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் படுத்தவர்கள் பலர். 1999இல் வெஸ்டின் ஹோட்டல்கள் "ஹெவன்லி பெட்" என்ற பெயரில் முழுக்க வெள்ளையான படுக்கையைக் கொண்டுவந்தன. போட்டி நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. இன்று வெள்ளை இல்லாத ஹோட்டல் படுக்கையைத் தேடத்தான் வேண்டும்.

வெள்ளைக்கு "தூய்மை உணர்வு தரும்" என்று ஏதோ மந்திர குணம் இருப்பதால் இது நடக்கவில்லை. வெள்ளையில் எதையும் மறைக்க முடியாது. சின்னக் கறையும் தெரியும். தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருள். அந்தச் சான்றைத்தான் விருந்தினர் வாங்குகிறார். சலவைக்கூடத்துக்கும் லாபம்: எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிநீரிலும் ப்ளீச்சிலும் துவைக்கலாம், சாயம் போகும் கவலை இல்லை, கிழிந்ததற்குப் பதில் புதியது வாங்கினால் ஷேட் பொருந்துமா என்ற கேள்வியும் இல்லை.

நடைபாதைக் கார்பெட்டில் இதே தர்க்கம் தலைகீழாக ஓடுகிறது. அங்கே சக்கர வண்டியும் பெட்டிகளும் ஈரக் காலணியும் ஓயாமல் போய்வரும். அதனால் பல நிறம் கலந்த, பெரிய வடிவங்கள் கொண்ட கார்பெட் போடுகிறார்கள். தேய்மானத்தையும் தடத்தையும் அது விழுங்கிவிடும். ஒரே ஹோட்டல், ஒரு கதவுக்கு அந்தப்பக்கம் மறைக்கும் நிறம், இந்தப்பக்கம் மறைக்காத நிறம்.

அப்புறம் வெயில். பெரிய கண்ணாடிச் சுவர் உள்ள லாபியில் பளிச்சென்ற துணியைப் போட்டால் சில பருவங்களில் வெளுக்கும். துணிகளின் வெளுப்புத் தாங்கும் திறனை நீலக் கம்பளி அளவுகோல் என்ற 1 முதல் 8 வரையிலான அளவில் சோதிக்கிறார்கள். சன்னலோரத்துக்கு எண் கூடுதலாக உள்ளது வேண்டும்.

ஆக, ஓர் இடத்தில் ஒரு நிறம் நிலைப்பது அது எழுப்பும் உணர்ச்சியால் மட்டுமல்ல. துவைக்க முடிகிறதா, தேய்மானம் தெரிகிறதா, வெயில் தாங்குகிறதா என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

## "இந்த ஆண்டின் நிறம்" யாருக்காக?

நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் பேன்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்கு செருலியன் நீலத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நிறத்தை அறிவித்துவருகிறது. 2023க்கு மெஜந்தா, 2024க்கு பீச், 2025க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு. மூன்று ஆண்டு, மூன்று திசை. உதட்டுச்சாயம், சட்டை, கைப்பேசி உறை விற்பவர்களுக்கு இது சரியான வேகம். ஹோட்டலுக்கு?

ஒரு புதிய ஹோட்டலின் உள் அலங்காரம் வரைபடத்திலிருந்து கதவு திறப்பு வரை வர இரண்டு மூன்று ஆண்டுகள் சாதாரணமாக ஆகும். டிசைனர் மெஜந்தாவைத் தேர்ந்தெடுத்து, துணி நெய்து வந்து, சோஃபா தைத்து முடிக்கும்போது உலகம் பழுப்புக்குப் போயிருக்கும். திறந்த பிறகும் திரைச்சீலை, கார்பெட், மெத்தைத் துணி போன்றவற்றை ஆறு ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், கட்டில், அலமாரி போன்ற மரச்சாமான்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் மாற்றுவது பொதுவான வழக்கம். குளியலறைக் கல்லும் டைல்ஸும் அதைவிட நீளமாக ஓடும். இப்படிக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிப்பதற்குப் புதுப்பிப்புச் சுழற்சி என்று பெயர்.

இரண்டு கடிகாரங்கள் இரண்டு வேகத்தில் ஓடுகின்றன. ட்ரெண்ட் பற்றிய குழப்பம் முழுவதும் இதில் அடங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் ட்ரெண்டைப் புறக்கணிப்பதும் இல்லை, அப்படியே பூசுவதும் இல்லை. அடுக்கு பிரித்துப் போடுகிறார்கள். இருபது ஆண்டு இருக்கப்போகும் தரையும் கல்லும் அடக்கமான நிறத்தில். ஏழு ஆண்டுப் பொருளில் கொஞ்சம் துணிச்சல். மெத்தைத் திண்டு, ஓவியம், ஒரு சுவர் பெயின்ட் போன்ற ஒரு வாரத்தில் மாற்றக்கூடியவற்றில் இந்த வருஷ நிறம். குளியலறை டைல்ஸில் இந்த ஆண்டின் நிறத்தைப் பதிப்பதைப் போல விலை உயர்ந்த தவறு இந்தத் தொழிலில் குறைவு.

ட்ரெண்ட் எங்கிருந்து வருகிறது என்பதிலும் மர்மம் இல்லை. முன்கணிப்பு நிறுவனங்கள் துணி ஆலைகளுக்கும் பெயின்ட் நிறுவனங்களுக்கும் வருங்கால நிறத் தொகுப்புகளை விற்கின்றன. ஆலைகள் அந்த நிறங்களில் நெய்து, மிலானின் சலோனே டெல் மொபிலே, பிராங்பர்ட்டின் ஹைம்டெக்ஸ்டில் போன்ற வர்த்தகக் கண்காட்சிகளில் வைக்கின்றன. டிசைனர்கள் அங்கே இருப்பதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக ட்ரெண்ட் என்பதில் பெரும்பகுதி, அந்தக் காலகட்டத்தில் எந்த நிறத்தில் சரக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான். மக்களின் மனமாற்றமும் அதில் உண்டு, ஆனால் முதலில் வருவது சரக்கு.

ட்ரெண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றவர்களும் உண்டு. மேற்கு வெர்ஜீனியாவின் கிரீன்பிரையர் ஹோட்டலை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவமனையாகப் பயன்படுத்தியது. போருக்குப் பின் டொரதி டிரேப்பர் என்ற டிசைனர் அதைப் பெரிய பூக்கள், அகலக் கோடுகள், கறுப்பு-வெள்ளைத் தரை, அடர்பச்சை, இளஞ்சிவப்பு என்று அலறும் நிறங்களில் மாற்றியமைத்தார். 1948இல் மீண்டும் திறந்தது. அவருக்குப் பின் வந்த கார்ல்டன் வார்னி அதே பாணியைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார். கோபன்ஹேகனில் ஆர்னே யாக்கப்சன் வடிவமைத்து 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலில் 606ஆம் எண் அறையை மட்டும் பழைய நீலப்பச்சையில் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஸ்கெட்ச் இதற்கு மறுகோடி: எல்லோரும் அறிந்த அந்த இளஞ்சிவப்பு அறையை மஹ்தவியே 2022இல் மஞ்சளுக்கு மாற்றினார். இரண்டு வழியும் வெல்லலாம். நடுவில் மாட்டிக்கொண்டு, பாதி பழையதும் பாதி போன வருஷத்து ட்ரெண்டுமாக இருப்பவைதான் திணறுகின்றன.

## இப்போது ஓடும் சில போக்குகள்

2010களில் ஹோட்டல்கள் சாம்பலில் மூழ்கியிருந்தன. அது இப்போது மண் நிறங்கள், செங்கல், ஆலிவ் பச்சை, பழுப்பு என்று வார்ம் பக்கம் திரும்பியிருக்கிறது. விளக்கைப் பற்றிப் படித்தபின் இதன் தர்க்கம் விளங்கும்: 2700 கெல்வின் வெளிச்சத்தில் சாம்பல் தோற்றுக்கொண்டே இருந்தது, மண் நிறங்கள் அதே வெளிச்சத்தில் ஜெயிக்கின்றன. இந்தப் போக்கு கொஞ்சம் நிலைக்கும் என்பது என் கணிப்பு.

பயோஃபிலிக் டிசைன் என்ற பெயரில் எங்கும் பச்சை. இயற்கையோடு மனிதருக்கு உள்ள பிணைப்பைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது இதன் பொருள். இதற்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது ராஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. சன்னலில் மரங்களைப் பார்க்க முடிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்பது அதன் முடிவு. கவனியுங்கள், அவர்கள் பார்த்தது மரத்தை. பச்சைப் பெயின்டை அல்ல. சன்னலை மூடித் திரை போட்டுவிட்டுப் பச்சை பூசுவதற்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

சுவர், கதவு, கூரை, விளிம்புக் கட்டை எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பூசும் கலர் ட்ரெஞ்சிங் இன்னொன்று. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பார்வை குறைந்தவருக்குக் கதவு எது, சுவர் எது, படி எங்கே முடிகிறது என்று தெரியாது. அடுத்தடுத்த பரப்புகளுக்கு நடுவே எல்ஆர்வியில் 30 புள்ளி வேறுபாடு வேண்டும் என்பது பிரிட்டிஷ் தர விதிகள் சொல்லும் வழிகாட்டல். 20 உள்ள சுவரில் 20 உள்ள கதவு வைத்தால் வேறுபாடு பூஜ்யம். அறையை ஒரே நிறத்தில் பூசுங்கள், தடையில்லை. கைப்பிடி, படி விளிம்பு, ஸ்விட்ச் பலகை ஆகியவற்றையாவது விட்டுவையுங்கள். அதற்கும் மனம் வராத டிசைனரை வயதான விருந்தினர் ஒருவரோடு இரவில் அந்தக் குளியலறைக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

## மாதிரி அறையில் என்ன பார்க்க வேண்டும்

பெரிய ஹோட்டல்கள் எல்லா அறைகளையும் செய்வதற்கு முன் ஒரே ஓர் அறையை முழுமையாகச் செய்து பார்க்கும். இதை மாக்-அப் ரூம் என்பார்கள். சின்ன இடங்களுக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும், ஒரு மீட்டர் அகலப் பலகைகளில் இரண்டு கை பெயின்ட் அடித்துப் பார்ப்பது பெரிய செலவு இல்லை. ஷேட் கார்டை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

பலகையைப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. சுவருக்கான நிறத்தை மேசையில் கிடத்திப் பார்க்காமல் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கூரை விளக்கு கிடைப்பரப்பில் விழும் விதம் வேறு, செங்குத்துப் பரப்பில் விழும் விதம் வேறு. கார்பெட் மாதிரியைத் தரையில் போட்டு நின்றுகொண்டு பார்க்க வேண்டும், கையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. பழைய சுவர் நிறத்தின் மேலேயே பலகையைச் சாய்த்தால் ஷெவ்ரல் சொன்ன தள்ளல் நடக்கும். சுற்றி ஒரு வெள்ளைத் தாள் எல்லை விடுங்கள். திரைச்சீலை, சோஃபா, கார்பெட் மாதிரிகளைப் பக்கத்திலேயே வைத்து, பகலில் ஒருமுறை, இறுதியாகப் பொருத்தப்போகும் அதே விளக்கின் கீழ் இரவில் ஒருமுறை பார்த்தால் மெட்டாமெரிசம் அப்போதே வெளியே வந்துவிடும். படுக்கையில் படுத்துக்கொண்டும் பாருங்கள், ஹோட்டல் அறையின் கூரையை விருந்தினர் பார்ப்பது அந்தக் கோணத்திலிருந்துதான்.

எல்லாம் ஒப்புக்கொண்ட பின், பெயின்ட் எண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கின் கெல்வினையும் சிஆர்ஐயையும் எழுதி, அந்தத் தாளைப் பராமரிப்புப் பிரிவில் உதிரி பல்ப் வைத்திருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.